பாபநாசம் வழியாகப் போனால் இந்த நெற்களஞ்சியத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்

திருச்சியில் விமானம் இறங்கியதும் பெரிய கோயில், தாராசுரம், கும்பகோணம் என்று ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறோம். அதே சாலையில், தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், பாபநாசத்தை ஒட்டித் திருப்பாலைத்துறை இருக்கிறது. அப்பர் பாடிய பாலைவனநாதர் கோயில் அங்கேதான். அதன் வளாகத்தில் தஞ்சை நாயக்கர்கள் 1600-1634 காலத்தில் செங்கல்லால் கட்டிய நெற்களஞ்சியம் இன்னும் நிற்கிறது. இப்போது அது தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

வாடகைக் கார் பேசும்போது "கும்பகோணம் பக்கத்துப் பாபநாசம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திருநெல்வேலிப் பக்கம், பொதிகை மலையடியிலும் ஒரு பாபநாசம் உண்டு. ரயிலில் வருவதானால் தஞ்சாவூர் - மயிலாடுதுறை பாதையில் பாபநாசத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள்; காலை 11 மணிக்குள் போய்விடுவது நல்லது.

முதல் பார்வைக்கு அது ஒரு ராட்சதக் குதிர்தான். ஏறக்குறைய 35 அடி உயரம், வட்டச் சுவர், மேலே குவிந்து மூடிய கூரை. ஏன் வட்டம்? குவித்த நெல் தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். சதுர அறையானால் அந்த அழுத்தம் மூலைகளில் விரிசல் விடும். வட்டத்தில் மூலையே இல்லை, பாரம் சுற்றிலும் சமமாகப் பரவிவிடும். கூரை குவிந்திருப்பதால் ஐப்பசி அடைமழை தேங்காமல் வழிந்து ஓடும். மேல் திறப்பில் கொட்டி, கீழ்த் திறப்பில் எடுப்பார்கள். 

கொள்ளளவு 3,000 கலம்; கலம் என்பது நெல் அளக்கும் பழைய அளவை. நம் தாத்தாக்கள் கணக்கில் மூட்டைக்கு 2 கலம், அதாவது 24 மரக்கால். ஆக, 1,500 மூட்டை! பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்தக் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டுங்கள். அன்று நெல்தான் பணம். ராஜராஜன் பெரிய கோயிலின் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு (கோயிலில் ஆடிப் பணி செய்த பெண்கள்) ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. சம்பளமே நெல்லாக இருந்த மண்ணில், அதை நனையாமல் காக்கும் கட்டடத்தைக் கோயிலுக்குள்ளேயே வைத்ததில் வியப்பில்லை.

தை, மாசியில் போனால் சம்பா அறுவடை நடக்கும். வழியில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடக்கும். வானம் இருட்டினால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது மனதைப் பிசையும்.

திரும்பும்போது நேரமிருந்தால் ஸ்ரீரங்கம் கோயிலில் 'கொட்டாரம்' எங்கே என்று கேளுங்கள்; அங்கும் வட்டமான பெரிய நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. சொந்த ஊரில் பழைய வீடு இன்னும் இருந்தால், நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் அப்பாயியிடம். காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் உள்ளே தலையை விட்டு ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள்.