பால் கட்டிக்கொண்டால் பிழிவது மட்டும் வைத்தியம் அல்ல

பிரசவமாகி 2 முதல் 5 நாட்களுக்குள் மார்பு கல்லாக இறுகி, தோல் பளபளவென்று விறைத்து, துணி உரசினாலே வலிக்கத் தொடங்கும். "பால் கட்டிக்கொண்டது, பிழிந்து எடு" என்பார்கள். பாதி சரி. உள்ளே இருப்பது பால் மட்டும் இல்லை. அந்த நாட்களில் மார்புக்கு வரும் ரத்தம் கூடுகிறது, திசுக்களில் நீரும் கோத்துக்கொள்கிறது. இந்த வீக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை; பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

வெந்நீர் ஒத்தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் கொடுத்தால் வீக்கம் ஏறும். பால் கொடுப்பதற்குச் சற்று முன், வெதுவெதுப்பான துணி ஓரிரு நிமிடம் போதும். கொடுத்து முடித்ததும் வேண்டியது குளிர்ச்சி: துணியில் சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம். சுளுக்கெடுப்பதுபோல அழுத்தித் தேய்ப்பது இன்னும் மோசம். வீங்கிய திசு கன்றிப்போகும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கச் சொல்கிறவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள், ஆனாலும் கையை விலக்கிவிடுங்கள்.

பம்பு வைத்து ஒட்ட ஒட்ட எடுப்பதும் வேண்டாம். எடுக்க எடுக்க, இவ்வளவு தேவை என்று எண்ணி உடல் மேலும் சுரக்கும். இறுக்கம் தளரும் அளவுக்குக் கையால் கொஞ்சம் எடுத்தால் போதும்.

"குழந்தை பால் பிடிக்க மாட்டேன் என்கிறது" என்று புட்டிக்குத் தாவுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. குழந்தை மறுக்கவில்லை. காம்பைச் சுற்றிய கருவட்டம் இறுகிக் காம்பு தட்டையாகிவிட்டதால், ஊதிய பலூனைக் கவ்வப் பார்ப்பதுபோல வாய் வழுக்கி வழுக்கி அழுகிறது. சற்றுச் சாய்ந்து படுத்து, காம்பை ஒட்டிச் சுற்றிலும் விரல்நுனிகளை வைத்து, விலா எலும்பை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்துங்கள். விரலை எடுத்ததும் சிறு குழிகள் தெரியும். நீர் பின்னே நகர்ந்துவிட்டது. இடம் மறுபடி இறுகுமுன் குழந்தையைக் கவ்வவிடுங்கள்.

வலிக்கிறதே என்று ஒரு வேளையைத் தள்ளிப்போடாதீர்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்கவேண்டியிருக்கும். இறுக்கமான உள்ளாடையும் வேண்டாம். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாலூட்டும் தாய்மார்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைதான் அது.

குளிர்காய்ச்சல் வந்து, மார்பில் ஓரிடம் சிவந்து சுட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை.