கரும்பாறா, வான்கோழிப் பாறா? அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடலாம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நெடுஞ்சாலைக்கு மேலே வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகு இரண்டில் ஒன்று: பிளாக் வல்ச்சர் எனப்படும் கரும்பாறு, அல்லது டர்க்கி வல்ச்சர் எனப்படும் வான்கோழிப் பாறு. பலரும் தலை நிறத்தைத் தேடித்தான் ஏமாறுகிறார்கள். வான்கோழிப் பாறுக்குச் சிவப்புத் தலை என்பது உண்மைதான்; ஆனால் இளம் பறவைக்குத் தலை கருஞ்சாம்பலாகவே இருக்கும். தலையைக் கடைசிக்கு விடுங்கள்.

முதலில் மிதக்கும் விதம். கரும்பாறு இறக்கைகளை ஏறக்குறையத் தட்டையாக விரித்து, ஆடாமல் மிதக்கும். வான்கோழிப் பாறு இரண்டையும் மேலே தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் தள்ளாடும். கரும்பாறின் உடல் எடைக்கு இறக்கை குட்டை. அதனால் படபடவென்று சில முறை அடிக்கும், கொஞ்சம் வழுக்கும், மறுபடி அடிக்கும். இந்தப் படபடப்பைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து இறக்கையின் அடிப்பக்கம். கரும்பாறுக்கு நுனியில் மட்டும் வெள்ளைத் திட்டு. வான்கோழிப் பாறுக்குப் பின்விளிம்பு முழுக்க வெள்ளிச் சாம்பல். சூரியனுக்கு நேராகப் பறக்கும்போது ஒளி ஊடுருவி இரண்டுமே வெளுத்துத் தெரியும். பறவை திரும்பும்வரை பொறுங்கள். கரும்பாறின் வால் குட்டை, சதுர வெட்டு. கால்விரல் வால் விளிம்பைத் தொடும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 தொலைநோக்கியில் இது நன்றாகவே தெரியும். ஒன்றரை மீட்டர் அளவுள்ள இறக்கை விரிப்பை மட்டும் நம்பாதீர்கள். வெறும் வானத்தில் அளவு ஏமாற்றும்.

காலையில் மேலெழும் வெப்பக் காற்று வலுக்கும்வரை வானத்தில் தேடிப் பயனில்லை. செல்போன் கோபுரம், மின்கோபுரம், பட்டமரம் என்று பாருங்கள். கரும்பாறு இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். சுருக்கம் விழுந்த சாம்பல்கறுப்புத் தலையும், வெளுத்த காலும் அப்போது தெளிவாகத் தெரியும். சூடு தணியத் தன் காலிலேயே எச்சமிடும் பறவை இது. குரல் உறுப்பு இல்லாததால் சீறலும் உறுமலும்தான்.

மோப்பத்தில் கரும்பாறு மட்டம். மோப்பம் பிடிக்கும் வான்கோழிப் பாறு தாழப் பறக்கும். கரும்பாறு அதை உயரத்திலிருந்து கண்காணித்து, இறங்கியதும் கூட்டமாக வந்து விரட்டிவிடும். தாழ ஒன்று சுற்றினால் அதற்கு மேலேயும் பாருங்கள்.

கரும்பாறு வடக்கே நியூ ஜெர்சி, பென்சில்வேனியா வரை பரவிவிட்டது; தெற்கே மெக்சிகோ வழியாகச் சிலி, அர்ஜென்டினா வரை உண்டு. திறந்த வெளியும் இடையிடையே மரக்கூட்டமும் உள்ள தாழ்நிலமே இதற்குப் பிடித்தம், உயர்மலையில் அரிது. லத்தீன் அமெரிக்க ஊர்களில் குப்பைமேட்டிலேயே நிற்கும். கூடு கட்டாது, குகை, மரப்பொந்து, பாழடைந்த வீடு என எங்காவது வெறுந்தரையில் பெரும்பாலும் இரண்டு முட்டை. கிட்டே போனால் குஞ்சு வாந்தியெடுத்துவிடும்.

ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள் கார் நிறுத்துமிடத்திலேயே இதைப் பார்க்கலாம். வைப்பர், கண்ணாடி ஓர ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். பூங்காவில் தார்ப்பாய் கொடுத்தால் வாங்கிக் காரைப் போர்த்தி, காற்றில் பறக்காதபடி இழுத்துக் கட்டிவிட்டுப் போங்கள்.