நிர்வாகிக்குத் திருப்தியா என்று கேட்கும்போது நடக்கும் தவறுகள்

நம்மூரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது முதியவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம். இல்லத்துக்கு ஒரு நிர்வாகி, அவருக்கு மாநில உரிமம் வேண்டும். அவருக்கு வேலையில் திருப்தியா என்று வினாத்தாள் கொடுத்து அளக்கப் போனால், அந்த ‘ஒரு’வில்தான் சிக்கலே தொடங்குகிறது.

பெயர் கேட்கவில்லை, ஆகவே ரகசியம் என்று நினைத்துவிடுகிறோம். எந்த ஊர், எத்தனை படுக்கை, லாப நோக்கு உண்டா என்று மூன்று கேள்வி போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதில் படிவத்தை முதலாளியின் தலைமை அலுவலகமே அனுப்பினால் எல்லாரும் ‘மிகத் திருப்தி’தான். வேறென்ன எழுதுவார்கள்?

அப்புறம், எல்லா ஊழியருக்குமாகச் செய்த வினாத்தாளை அப்படியே நீட்டுவது. 1969-இல் வந்த ஜாப் டிஸ்கிரிப்டிவ் இண்டெக்ஸ் என்ற வினாத்தாள் வேலை, சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, சக ஊழியர் என ஐந்தைக் கேட்கும். ‘சக ஊழியர்’ என்றதும் நிர்வாகி யாரை நினைப்பார்? அவருக்குச் சமமானவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. ஒருவர் தலைமை நர்ஸை நினைப்பார், இன்னொருவர் பக்கத்து ஊர் நிர்வாகியை. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது எதன் சராசரி? ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராதது, குடும்பத்தாரின் புகார் என்று அவர் தூக்கத்தைக் கெடுப்பவற்றுக்கு அதில் தனித் தலைப்பே இல்லை.

மதிப்பெண் போடும்போதும் கை தவறும். அதே இண்டெக்ஸில் திருப்தியான பதிலுக்கு 3, அதிருப்திக்கு 0, முடிவாகச் சொல்ல முடியாமல் கேள்விக்குறி போட்டால் 1. நடுவில்தானே என்று 1.5 போடக் கூடாது. பிடிகொடுக்காத பதில் அதிருப்திப் பக்கமே சாயும் என்பது அதன் கணக்கு. உளவியலாளர் பால் ஸ்பெக்டர் 1985-இல் வெளியிட்ட வேலைத் திருப்தி வினாத்தாளில் 36 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண், ஏறக்குறைய பாதி எதிர்மறை. அவற்றில் 6-ஐ 1 ஆக, 5-ஐ 2 ஆகத் திருப்ப மறந்தால், கொதித்துப்போனவரும் குளிர்ந்திருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே மொத்தத்தில் வந்து நிற்பார்கள்.

இல்லத்தைச் சோதிக்க அரசு ஆய்வுக் குழு 15 மாதத்துக்குள் ஒருமுறையாவது, சொல்லாமல் வரும். வந்துபோன வாரத்தில் கேட்டால் அந்த வாரத்தைத்தான் அளக்கிறீர்கள்.

பெரிய ஓட்டை, இன்னும் வேலையில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்பது. வெறுத்துப்போனவர் எப்போதோ கிளம்பியிருப்பார். ஒவ்வோர் இல்லத்திலும் ஓராண்டில் எத்தனை நிர்வாகிகள் விலகினார்கள் என்பதை மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) தளம் 2022 முதல் வெளியிடுகிறது. உங்கள் மதிப்பெண்களை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.