போட்டோ பேக்கப்புக்கு ஹார்ட்டிஸ்க்: கடை முதல் பீரோ வரை

கடைக்குப் போனதும் முதலில் வாயில் வருவது "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். இன்றைக்கு ஹார்ட்டிஸ்க் தயாரிப்பவை மூன்றே கம்பெனிகள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா. வேறு பெயர் ஒட்டிய பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். மூன்றிலும் பத்து வருடம் ஓடியதும் உண்டு, பத்தே மாதத்தில் படுத்ததும் உண்டு. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் டிரைவ்களின் பழுதுக் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அதைக் காட்டி பிராண்ட் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் பெரிய 3.5 இன்ச் டிரைவ்கள்; குளிரூட்டிய அறையில், இருந்த இடத்தை விட்டு அசையாமல் ஓடுகிறவை. கேமரா பையில் கிடந்து மேலூருக்கும் திருமங்கலத்துக்கும் பைக்கில் போய் வரும் டிரைவுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

அதனால் பிராண்ட் தேடும் நேரத்தை மிச்சம் பிடித்து, இரண்டாக வாங்குங்கள். ஒரே கம்பெனியில், ஒரே நாளில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு வேண்டாம். ஒரே பேட்ச்சில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் போகும். ஒன்று சீகேட், இன்னொன்று டபிள்யூ.டி. என்று கலந்து வாங்குவது நல்லது. 8 டி.பி. ஒன்றை விட 4 டி.பி. இரண்டு மேல். பெரிய டிரைவ் ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டி, "பேக்கப் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவரிடம் உண்மையில் பேக்கப் இல்லை. லேப்டாப்பில் இடம் போதாமல் படத்தை எக்ஸ்டெர்னலுக்கு நகர்த்திவிட்டால், அந்த எக்ஸ்டெர்னலில் இருப்பதுதான் மூலம். அதற்கு இன்னொரு காப்பி வேண்டும்.

எவ்வளவு இடம்

வீட்டுப் படங்கள் என்றால் கணக்கு சுலபம். மொபைல் படம் ஒன்று 3 முதல் 5 எம்.பி. இருபதாயிரம் படம் இருந்தாலும் 100 ஜி.பி.க்குள் அடங்கும். வீடியோவையும் சேர்த்து 1 டி.பி. தாராளம்.

ஸ்டுடியோக்காரருக்கு அப்படி இல்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா சென்சார் பதிந்தது அப்படியே இருக்கும் ஃபைல்) 25 முதல் 30 எம்.பி. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு பேர் 5,000 படம் எடுத்தால் 150 ஜி.பி. 4கே வீடியோவை 100 எம்.பி.பி.எஸ். பிட்ரேட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி.; ஆறு மணி நேர ஃபுட்டேஜுக்கு 270. ஒரு கல்யாணம் 420 ஜி.பி. ஆகிறது. 2 டி.பி. டிரைவில் நாலு கல்யாணம் அடங்கும், அவ்வளவுதான். தை பிறந்ததும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு எடுக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். காளை வாடிவாசலைத் தாண்டும் மூன்று வினாடியில், வினாடிக்கு 10 ஃபிரேம் வீதம் 30 படம் விழும். அதுவே 900 எம்.பி. ஒரு நாளில் 200 காளைக்கு இப்படி விரலை அழுத்தினால் 180 ஜி.பி.

1 டி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. 2 டி.பி. என்றால் 1.81 என்று வரும். கடைசி பத்து சதவீதத்தை நிரப்பாமல் விடுங்கள்.

ஹார்ட்டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா

ஹார்ட்டிஸ்க் சுற்றும் தட்டில் எழுதும், எஸ்.எஸ்.டி. சிப்பில் எழுதும்; இரண்டுக்கும் வேலை வேறு. மண்டபத்தில் கார்டை இறக்கவும், பையில் எடுத்துப்போகவும் எஸ்.எஸ்.டி. கீழே விழுந்தால் தாங்கும்; உள்ளே சுற்றும் தட்டு கிடையாது. பீரோவில் வருடக்கணக்கில் வைக்க ஹார்ட்டிஸ்க். எஸ்.எஸ்.டி.யில் படம் மின்னூட்டமாகத்தான் தங்குகிறது, கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் விதிப்படி, எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த நிலையில் இருக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி., 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைக் காத்தால் போதும். புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் சூடு ஏற ஏற அந்தக் காலம் குறையும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் எஸ்.எஸ்.டி.யைப் போட்டு மறந்துவிடக்கூடாது.

பெரிய பெயரைப் பார்த்து எஸ்.எஸ்.டி.யைக் கண்மூடி நம்பவும் வேண்டாம். 2023-இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ வரிசையில் சில மாடல்களில் டேட்டா திடீரென்று காணாமல் போவதாகப் பரவலாகப் புகார் எழுந்து, கம்பெனி ஃபர்ம்வேர் (டிரைவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட் வெளியிட வேண்டியதாயிற்று.

ஹார்ட்டிஸ்க்கில் 2.5 இன்ச் சின்ன டிரைவ் யூ.எஸ்.பி. கரண்டிலேயே ஓடும், 3.5 இன்ச் பெரியதற்குத் தனி அடாப்டர் வேண்டும். ஸ்டுடியோவில் ஒரே இடத்தில் இருக்கப் போகிறது, யூ.பி.எஸ்.ஸும் உண்டு என்றால் பெரியதை எடுக்கலாம். மற்றவர்களுக்குச் சின்னதுதான் சரி; லேப்டாப் பேட்டரியே அதற்கு யூ.பி.எஸ். சின்ன டிரைவிலும் 2 டி.பி. வரை மெல்லியதாக இருக்கும். 4, 5 டி.பி. தடியாக இருப்பதற்குக் காரணம், உள்ளே நாலைந்து தட்டுகள். தட்டு கூடினால் அதில் எழுதிப் படிக்கும் ஹெட்டும் கூடும், பழுதாக வாய்ப்புள்ள பாகமும் கூடும். இடம் போதும் என்றால் 2 டி.பி.யே எடுங்கள்.

சின்ன டிரைவ்களில் பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர். முறையில் எழுதுபவை, ஓட்டு வேய்ந்ததுபோல் ஒரு டிராக்கின் மேல் அடுத்தது சற்றே ஏறியிருக்கும். ஆரம்பத்தில் வினாடிக்கு 110, 120 எம்.பி. என்று போய், 300 ஜி.பி.யைத் தொடர்ந்து காப்பி போடும்போது நடுவில் 30-க்கு இறங்கலாம். டிரைவ் கெட்டுவிட்டதென்று பயந்து கேபிளைப் பிடுங்க வேண்டாம். ஒரு முறை எழுதிப் பலமுறை பார்க்கும் போட்டோவுக்கு இது குறையே இல்லை. அதிலிருந்தே நேரடியாக வீடியோ எடிட் செய்வதற்குத்தான் ஆகாது.

கடையில் பார்க்க வேண்டியவை

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் டிரைவின் அடியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். அதே நம்பரைக் கம்பெனி இணையதளத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டால் எந்தத் தேதி வரை வாரண்டி என்று வரும். வேறு நாட்டில் விற்க அனுப்பிய சரக்கு என்றால் அங்கேயே தெரிந்துவிடும். வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருக்கும் படத்துக்கு அல்ல. புது டிரைவ் கொடுப்பார்கள், காலியாக.

ஆன்லைனில் "16 டி.பி. எஸ்.எஸ்.டி." இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு வருகிறதே, அதன் பக்கமே போக வேண்டாம். உள்ளே ஒரு மெமரி கார்டைப் பசை வைத்து ஒட்டி, 16 டி.பி. என்று பொய் சொல்லும்படி ஃபர்ம்வேரை மாற்றியிருப்பார்கள். முதல் 64 ஜி.பி. ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் காப்பி ஆவதுபோல் காட்டும். ஃபோல்டரில் பெயரும் இருக்கும். திறந்தால் படம் இருக்காது.

படம் வைக்கும் முன் ஒரு நாள் சோதனை

ஹார்ட்டிஸ்க் சாவது பெரும்பாலும் பிறந்த புதிதில், இல்லையென்றால் வயதான பின். அந்த முதல் கண்டத்தை உங்கள் படங்களை வைத்துத் தாண்ட வேண்டாம், வெறும் டிரைவாக இருக்கும்போதே தாண்டட்டும்.

முதலில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். புது டிரைவில் பவர் ஆன் ஹவர்ஸ் சைபரோ, ஒன்றோ, இரண்டோ இருக்க வேண்டும். நூறு, ஆயிரம் என்று காட்டினால் யாரோ ஓட்டியது; பில்லோடு திருப்பிக் கொடுங்கள். அடுத்து 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர் (தட்டில் டேட்டா பதியும் சிறு கட்டம்), சி5 படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர், சி6 சரிசெய்ய முடியாதது என்று கண்டறியப்பட்ட செக்டர். மூன்றிலும் ரா வேல்யூ என்று காட்டும் எண் சைபராக இருக்க வேண்டும். சி7 மட்டும் ஏறினால் குற்றம் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டரில்.

பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் டிரைவ் முழுவதையும் எழுதிப் படிக்க விடுங்கள். 2 டி.பி.க்குப் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, ஸ்லீப்பை அணைத்துவிட்டு ராத்திரியில் ஓடவிடலாம். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் தொடங்க வேண்டாம். காலையில் பிழை எதுவும் இல்லை என்று வந்தால், மறுபடியும் அந்த மூன்று வரிகளைப் பாருங்கள். ஒன்றே ஒன்று ஏறியிருந்தாலும் அந்த டிரைவ் வேண்டாம். போலி கொள்ளளவும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

தேறிய டிரைவை ஃபார்மேட் செய்ய வேண்டும். விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் அதில் பாதியில் கேபிள் கழன்றால் சேதம் அதிகம், ஏனென்றால் செய்யும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் அதில் இல்லை.

காப்பி போடும்போது

கேபிள்தான் பலர் கவனிக்காத இடம். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட் வேண்டாம், பின்பக்க நீல நிற யூ.எஸ்.பி. 3 போர்ட்டில் போடுங்கள். யூ.எஸ்.பி. 2 கொடுக்க வேண்டிய கரண்ட் 500 மில்லியாம்பியர், யூ.எஸ்.பி. 3 கொடுப்பது 900. தட்டு சுற்றத் தொடங்கும் நொடியில் இழுக்கும் கரண்ட் போதாவிட்டால் 'டிக், டிக்' என்று சத்தம் வந்து டிரைவ் மறைந்து மறைந்து தோன்றும். நல்ல டிரைவையே செத்துவிட்டதென்று முடிவு கட்ட வைப்பது இதுதான். போர்ட்டையும் கேபிளையும் மாற்றிப் பார்த்த பிறகே டிரைவைக் குறை சொல்லுங்கள். நீளமான கேபிளும், பவர் இல்லாத ஹப்பும் கூடாது.

ஓடும் டிரைவைப் புத்தகம்போல் நிறுத்தி வைக்காதீர்கள். கை பட்டால் சாயும், சுற்றும் தட்டில் ஹெட் உரசினால் அந்த இடத்துப் படங்கள் போனதுதான். படுக்க வைத்து, கேபிள் கால் தடுக்காத பக்கமாக விடுங்கள்.

கார்டிலிருந்து கட் பேஸ்ட் கூடவே கூடாது. காப்பிதான். டெராகாப்பி என்ற மென்பொருளில் வெரிஃபை என்பதை டிக் செய்தால், எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆகட்டும். முதல் டிரைவில் ஏற்றி, இரண்டாவதற்கும் ஏற்றிய பிறகே கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். இரண்டு டிரைவையும் ஒத்த நிலையில் வைக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் போதும். அதில் மிரர் முறையை மட்டும் யோசித்துத் தொடுங்கள். மூலத்தில் தவறி அழித்த ஃபோல்டரை அது பேக்கப்பிலும் போய் விசுவாசமாக அழித்துவிடும். அப்டேட் முறையில் வைத்தால் புதியது சேரும், பழையது அழியாது. ஒரு டிஸ்க்கில் செய்வதை மற்றதிலும் அப்படியே செய்யும், இரண்டு டிஸ்க் உள்ள ரெய்டு பெட்டி பேக்கப் ஆகாது என்பதும் இதே காரணத்தால்தான்.

எங்கே வைப்பது

மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் புகைப்படக்காரர்களிடையே பரப்பியவர் பீட்டர் க்ரோ. அந்த வேறு இடம் சிம்மக்கல்லில் ஸ்டுடியோ என்றால் வீடாக இருக்கலாம், வீட்டுப்படம் என்றால் உசிலம்பட்டியில் இருக்கும் பெரியப்பா வீட்டுப் பீரோவாக இருக்கலாம். இரண்டு டிரைவும் ஒரே பையில் இருந்தால், திருட்டுக்கும் தீக்கும் அது ஒரு காப்பிதான்.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். மேலே வெயில், கீழே எஞ்சின். வெயிலில் நின்ற காரும் அப்படித்தான். கோடையில் காப்பி ஓடும்போது வெப்பநிலை 50-ஐ எட்டினால் நிறுத்தி, ஃபேன் காற்றில் வைத்துத் தொடருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் நேரத்தில் காப்பி போடும் வேலையே வேண்டாம். சார்ஜர் வழியாக வரும் அதிர்ச்சி, மாட்டியிருக்கும் எல்லா டிரைவையும் ஒன்றாகக் கொண்டுபோகும். வேலை முடிந்ததும் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள். மேலே எந்தத் தேதியில் வாங்கியது, உள்ளே எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். காந்தப் பயம் வேண்டாம், பீரோவில் ஒட்டும் காந்தம் ஹார்ட்டிஸ்க்கை ஒன்றும் செய்யாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மாட்டி, அந்த மூன்று வரிகளைப் பார்த்து, பழைய ஃபோல்டர் சிலவற்றைத் திறந்து பாருங்கள். சி5 ஏற ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கே காப்பி எடுத்து மாற்றுங்கள். நாலைந்து வருடம் ஆன டிரைவ் நன்றாக இருந்தாலும் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதை மூன்றாவது காப்பியாக வைத்துக்கொள்ளலாம்.

போய்விட்டால்

"ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். அவசரத்தில் விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையும் ஓட்டக்கூடாது. அது ஃபைல் அமைப்பைத்தான் ஒழுங்குபடுத்தும், படத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. சத்தம் ஏதும் இல்லாமல் அழிந்தது மட்டும் என்றால், அந்த டிரைவில் எதையும் எழுதாமல், வேறு டிரைவில் சேமிக்கும்படி ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினால் பெரும்பகுதி கிடைக்கும், ஃபைல் பெயர்கள் மட்டும் போயிருக்கும். போர்ட், கேபிள் மாற்றியும் டிக் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஹெட் தட்டைச் சுரண்டலாம். தூசியற்ற அறையில் திறக்கும் வசதி உள்ள ரெக்கவரி நிறுவனம்தான் அதற்கு வழி; கடையில் ஸ்க்ரூ டிரைவரால் திறக்க விடாதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் அழித்தது பெரும்பாலும் திரும்பாது. டிரிம் என்ற கட்டளை போனதும், காலியான இடத்தை டிரைவே பின்னணியில் துடைத்து வைத்துவிடுகிறது.