கம்பஸ் படிக்கும்போது வேலை: விடக்கூடாத பிழைகள்

பின்னேரம் நாலரை, ஐந்து மணிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள பரமேஸ்வராச் சந்தியில் நின்று பாருங்கள். விரிவுரை முடிந்து வருகிற பிள்ளைகளில் பலர் அறைக்குத் திரும்புவதில்லை. ஒருவர் கொக்குவிலில் ஒரு பிள்ளைக்குக் கணிதம் படிப்பிக்கப் போகிறார், இன்னொருவர் டவுனில் கடைக் கணக்கு எழுத. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கிற மகாபொல உதவித்தொகை 2025 பட்ஜெட்டில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது நல்ல விஷயம்தான். ஆனால் மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, அறை வாடகை கட்டி, மூன்று நேரமும் கடையில் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது காணாது. ஆகவே வேலை செய்யாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதை எந்த நேரத்தில், எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பிழை விடுகிறோம்.

பெரிய பிழை, செமிஸ்டரின் முதல் இரண்டு கிழமையைப் பார்த்து வேலைக்கு ஓம் சொல்வது. அப்போது நேரசூசி வெறுமையாக இருக்கும். ஆய்வுகூட வகுப்பு தொடங்கியிருக்காது, அசைன்மென்ட் வந்திருக்காது. கிழமையில் ஐந்து நாளும் வரலாம் என்று வாக்குக் கொடுத்துவிடுவோம். எட்டாவது, ஒன்பதாவது கிழமையில் எல்லாம் ஒன்றாக வந்து விழும். இரண்டாம் வருடத்தில் நான் நாலு வீடுகளில் படிப்பித்தேன். அதில் மூன்று பிள்ளைகள் சாதாரண தரச் சோதனை எழுதுகிறவர்கள். அவர்களுடைய சோதனையும் என் செமிஸ்டர் சோதனையும் ஒரே மாதத்தில் வந்தன. "தம்பி, இந்தக் கிழமை மட்டும் ஒவ்வொரு நாளும் வாங்கோ" என்று அம்மாமார் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். எனக்கு ஒரு பாடம் போனது. ரிப்பீட் எழுதினால் எவ்வளவு திறமாகச் செய்தாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் கிடைக்காது. அந்த ஒரு சி இன்றைக்கும் என் பெறுபேற்றுத் தாளில் இருக்கிறது.

அதனால் வேலைக்குப் பேசும்போதே, உங்கள் சோதனை மாதத்தை வைத்துப் பேசுங்கள். "சோதனைக்கு முதல் மூன்று கிழமை என்னால் வர ஏலாது" என்று முதல் நாளே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. இடையில் சொன்னால்தான் கோபம் வரும். 80 வீத வரவு இல்லாவிட்டால் சோதனையே எழுத விடமாட்டார்கள் என்பதால், காலை விரிவுரையை வெட்டிவிட்டுப் போகிற வேலை எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம்.

அடுத்தது, காசு பேசக் கூச்சப்படுவது. எங்கள் ஊரில் இது ஒரு நோய். தெரிந்த ஆக்கள், சொந்தக்காரர், அப்பாவோடு படித்தவர். "பார்த்துத் தருவினம்" என்று தொடங்கி, இரண்டு மாதம் கழித்து யாருக்கு எத்தனை வகுப்பு என்பதே மறந்துபோகும். என்னோடு அறையில் இருந்த நண்பன் ஒரு 40 பக்கக் கொப்பி வைத்திருந்தான். ஒவ்வொரு வகுப்பும் முடிய திகதி, நேரம், படிப்பித்த அலகு எழுதி, பிள்ளையின் அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்குவான். பிள்ளை என்ன படித்தது என்று அவவுக்கும் தெரியும். மாத முடிவில் கொப்பியைத் திறந்து வைத்தால் போதும், வாயால் கேட்கவே தேவையில்லை. மூன்று வருடமும் அவனுக்கு ஒரு சதம் நிலுவை நின்றதில்லை.

போய்வருகிற நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் பிழை. சாவகச்சேரியில் ஒன்றரை மணித்தியால வகுப்புக்கு 1,200 ரூபா, கோண்டாவிலில் அதே வகுப்புக்கு 900 என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு நிற்கிறது, போறது, வாறது எல்லாம் சேர்த்தால் சாவகச்சேரிக்கு மூன்றரை மணித்தியாலம் போய்விடும், பஸ் காசு வேறு. கோண்டாவிலுக்குச் சைக்கிளில் கால் மணித்தியாலம். 900 ரூபா வகுப்புதான் லாபம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், விவசாயம் படிக்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் வேலை பிடித்தால் சனி, ஞாயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையிலோ அலுவலகத்திலோ நிற்கிறவர்களுக்கு ஒன்று. "பகுதிநேரம்தானே, இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை" என்று சொன்னால் அது சரியில்லை. தற்காலிகமாக, பகுதிநேரமாக வேலை செய்கிறவருக்கும் அதற்குச் சம்பளத்தில் 12 வீதம் அளவு முதலாளி கட்டவேண்டும், உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) முதலாளி தனியாக 3 வீதம் கட்டவேண்டும். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் எட்டு வீதத்தைக் கழித்துவிட்டுக் கட்டாமலே விடுகிற இடமும் உண்டு. சம்பளச் சிட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள். நிரந்தரமாக ஒரு கடையில் நிற்க நேரமில்லாதவர்களுக்கு நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தீபாவளிக்கு முந்திய கிழமைகளும் நல்ல காலம். புடவைக் கடைகள் அப்போது ஆள் தேடும். குறுகிய வேலை, முடிகிற நாள் முன்னமே தெரியும்.

ஒன்லைன் வேலை என்று வருவதில் இரண்டை மட்டும் பாருங்கள். வேலை தருவதற்கு முதல் உங்களிடம் காசு கேட்டால் அது வேலையில்லை. ரெலிகிராமில் முதலில் 500 ரூபா தந்து நம்பவைத்து, அப்புறம் 20,000 கட்டச் சொல்வார்கள். "உங்கள் வங்கிக் கணக்கைத் தாருங்கள், வருகிற காசில் கமிஷன்" என்றால் இன்னும் மோசம். வேறொருவரை ஏமாற்றிய காசு உங்கள் பெயரில் வரும். பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். ஆள் சேர்த்தால் பங்கு என்கிற பிரமிட் திட்டங்களும் இலங்கையில் சட்டப்படி தடை. உங்களைச் சேர்ப்பவர் சீனியர் அண்ணையாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

கடைசியாக, வேலையை விடும் விதம். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு மாதம் முதலே சொல்லி, உங்களுக்குப் பிந்திய பட்ச்சில் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகப்படுத்துங்கள். இறுதி வருடத்தில் நான் ஒரு வீட்டை விட்டபோது, முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு தங்கச்சியைக் கூட்டிப்போனேன். முதல் இரண்டு வகுப்புக்கும் நானும் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைக்குப் பின்னம் எங்கே இடறும் என்று காட்டிக்கொடுத்தேன். அவளுக்கு அது முதல் சம்பளம். படிப்பு முடியும்வரை அந்த வீட்டிலேயே படிப்பித்தாள்.