பைசைட்6: நீண்ட வேலை ஓடும்போது விண்டோ உறையாமல் இருக்க

என் மச்சான் கல்யாண போட்டோகிராபர். ஒரு கல்யாணத்துக்கு அறுநூறு, எழுநூறு படம் தேறும். ஆல்பத்துக்கு எதை எடுப்பது என்று பெண்வீட்டாரும் மாப்பிள்ளைவீட்டாரும் பார்க்க, அத்தனையையும் சுருக்கி, ஓரத்தில் ஸ்டுடியோ பெயர் பதித்து அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு சின்ன செயலி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். என் கணினியில் பத்துப் படம் போட்டுப் பார்த்ததில் குறை எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை போன். "மாப்ளே, பட்டனை அமுக்குனதும் திரை வெளுத்துப்போச்சு. பதிலளிக்கவில்லைன்னு மேல வருது. மூடிட்டேன்."

அவர் மூடிய நேரத்தில் உள்ளே வேலை ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தது. பாதி எழுதிய ஒரு படக்கோப்பு அப்படியே கிடந்தது. இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று இரவு ஆனது. உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பைத்தான் தெரியும், விண்டோவில் ஒரு பட்டனை வைத்து அதன் க்ளிக்கை ஒரு மெத்தடோடு இணைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். வகுப்பு, மெத்தட் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் முதல் சில எழுத்துகளை அடித்தாலே எடிட்டர் மீதியைக் காட்டிவிடும். மாறிகளுக்கு மட்டும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

முதலில், எதை நிறுவுவது?

புதிதாக விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்கி, அதில் பிப் மூலம் பைசைட்6 (விண்டோ, பட்டன் அமைக்கும் க்யூட்டி நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்த), பில்லோ (படங்களைச் சுருக்க) இரண்டையும் நிறுவுங்கள். போதும்.

விண்டோ அமைக்க டிகின்டர் நூலகம் பைத்தானோடே வருகிறதே என்பீர்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். என் லினக்ஸ் கணினியில் "தொகுப்பு" என்று லேபிளில் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. க்யூட்டியில் அதே சொல் அச்சடித்ததுபோல் வந்தது. தமிழில் இடைமுகம் வேண்டும் என்பவருக்கு இது ஒன்றே போதுமான காரணம். நாம் தினமும் பார்க்கும் விஎல்சி பிளேயரின் விண்டோகூட க்யூட்டியில் எழுதியதுதான்.

க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த இருக்கும் இன்னொரு நூலகமான பைக்யூட்டி6 எடுக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் அது ஜிபிஎல் உரிமத்தில் (செயலியைப் பிறருக்குத் தந்தால் அதன் கோடையும், அதாவது நிரல் வரிகளையும், தர வேண்டும்) வருகிறது, இல்லையென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். பைசைட் எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைக்கிறது. வாடிக்கையாளருக்குக் கோடைக் கொடுக்காமல் செயலியை மட்டும் தருபவர்களுக்கு பைசைட்தான் நிம்மதி. இரண்டிலும் கோடு கிட்டத்தட்ட ஒன்றே.

ஏன் உறைகிறது?

செயலியின் கடைசி வரியில் எக்ஸெக் என்று அழைக்கிறோமே, அது ஒரு முடிவில்லாத சுற்று. அதன் பெயர் ஈவென்ட் லூப். மவுஸ் அசைவு, க்ளிக், விண்டோவைத் திரும்ப வரைவது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்று முடிந்தால்தான் அடுத்ததன் முறை வரும். உங்கள் க்ளிக் மெத்தட் 640 படத்தைச் சுருக்கி முடிக்கும்வரை வரிசை நகராது. படத்துக்கு அரை வினாடி என்றாலே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். விண்டோஸோ ஐந்து வினாடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் விண்டோவை வெளுக்கவைத்துவிடும். என் சோதனையில் பத்துப் படமும் ஐந்து வினாடிக்குள் முடிந்துவிட்டதால்தான் இது என் கண்ணில் படவில்லை.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், சுற்றுக்குள் ப்ராசஸ்ஈவென்ட்ஸ் என்று ஒரு வரி சேர்ப்பது. நானும் சேர்த்தேன், விண்டோ அசைந்தது. ஆனால் படம் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே மச்சான் பட்டனை இன்னொரு தடவை அமுக்கினார். முதல் சுற்று பாதியில் நிற்க, அதன் வயிற்றுக்குள் இரண்டாவது சுற்று தொடங்கி முழுதாக ஓடியது. அது முடிந்ததும் முதல் சுற்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, மீதிப் படங்களை மறுபடி எழுதியது. தயவுசெய்து இந்த வழிக்குப் போகாதீர்கள். சரியான வழி, நீண்ட வேலையை விண்டோ ஓடும் இழையிலிருந்து (த்ரெட், ஒரே செயலிக்குள் தனியாக ஓடும் வேலைத்தடம்) பிரித்து இன்னொரு இழையில் ஓட்டுவது. அந்த வேலையைச் செய்யும் வகுப்பைத்தான் வேலைக்காரன் என்கிறேன்.

படி 1: வேலைக்காரனைத் தனி வகுப்பாக எழுதுங்கள்

க்யூட்டியின் அடிப்படை வகுப்பான க்யூஆப்ஜெக்ட்டிலிருந்து ஒரு வகுப்பை உருவாக்குங்கள். அதில் ரன் என்று ஒரு மெத்தட். மேலே ஸ்லாட் (சிக்னல் வந்தால் ஓடும் மெத்தட்) டெக்கரேட்டர் போட மறக்க வேண்டாம். பிறகு இரண்டு சிக்னல்கள் (ஒரு பொருள் மற்றதற்கு அனுப்பும் செய்திகள்): எத்தனை படம் முடிந்தது என்று சொல்ல ப்ராக்ரஸ், எல்லாம் முடிந்தது என்று சொல்ல ஃபினிஷ்ட். சிக்னல்களை வகுப்பின் உடலில்தான் அறிவிக்க வேண்டும். இனிட்டுக்குள் எழுதினால் கனெக்ட் என்று எதுவும் இல்லை எனப் பிழை வரும்.

இந்த வகுப்பு விண்டோவில் உள்ள எதையும் தொடக்கூடாது. லேபிளில் எழுதுவது, ப்ராக்ரஸ் பாரை நகர்த்துவது எல்லாம் விண்டோவின் பொறுப்பு. இவன் சிக்னல் மட்டும் அனுப்புவான். சிறுபடம் காட்ட ஆசைப்பட்டால் இங்கே க்யூஇமேஜ் ஆக உருவாக்கி சிக்னலில் அனுப்புங்கள். அதை க்யூபிக்ஸ்மேப் ஆக மாற்றும் வேலை விண்டோவின் பக்கம் நடக்கட்டும்.

ஃபினிஷ்ட் சிக்னலை ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள். ஒரு படக்கோப்பு கெட்டுப்போயிருந்து அங்கே பிழை எழுந்தால், ஃபைனலி இல்லாத கோடில் அந்தச் சிக்னல் வரவே வராது. வேலை தொடங்கும்போது அமுக்க முடியாதபடி மங்கவைத்த பட்டன் கடைசிவரை மங்கியே கிடக்கும்.

படி 2: இழையில் மாட்டுங்கள்

நான் இரண்டு இரவு தொலைத்த இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

க்ளிக் மெத்தடுக்குள் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் பட்டனை மங்கவையுங்கள். அடுத்து க்யூட்டியின் இழை வகுப்பான க்யூத்ரெட்டில் ஒன்றை உருவாக்கி செல்ஃப்.இழை என்று வையுங்கள். வேலைக்காரனை உருவாக்கி செல்ஃப்.வேலையாள் என்று வையுங்கள். பிறகு வேலையாளின் மூவ்டுத்ரெட் மெத்தடுக்கு இழையைக் கொடுங்கள். அதன் பின்னரே இணைப்புகள்: இழையின் ஸ்டார்ட்டட் சிக்னல் வேலையாளின் ரன்னுக்கு, வேலையாளின் ஃபினிஷ்ட் இழையின் க்விட்டுக்கு, வேலையாளின் ப்ராக்ரஸ் விண்டோவின் மெத்தடுக்கு. இழையின் சொந்த ஃபினிஷ்ட் சிக்னலை, பட்டனைத் திரும்பத் தெளியவைக்கும் மெத்தடுக்குக் கொடுங்கள். எல்லாம் ஆன பிறகு இழையின் ஸ்டார்ட்.

இப்போது நான் செய்த தவறுகள்.

செல்ஃப் இல்லாமல் வெறும் இழை, வேலையாள் என்று எழுதியிருந்தேன். க்ளிக் மெத்தட் முடிந்ததும் இரண்டையும் பைத்தான் குப்பையில் போட்டுவிட்டது. "க்யூத்ரெட்: டிஸ்ட்ராய்ட் வைல் த்ரெட் இஸ் ஸ்டில் ரன்னிங்" என்று ஒரே வரி, செயலி விழுந்தது. சரி என்று இழைக்கு மட்டும் செல்ஃப் சேர்த்தேன். இப்போது செயலி விழவில்லை, பிழையும் இல்லை, வேலையும் நடக்கவில்லை. வேலையாள் போய்விட்டதால் ஸ்டார்ட்டட் சிக்னலைக் கேட்க ஆளில்லை. செய்தி எதுவும் வராத இந்தப் பிழைதான் அதிகம் படுத்தியது. இரண்டுக்கும் செல்ஃப் கட்டாயம்.

அடுத்தது, கனெக்ட்டுக்குள் ரன் என்று பெயரை மட்டும் தர வேண்டும். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அங்கேயே, விண்டோவின் இழையிலேயே ஓடி, பழையபடி உறையும். ப்ராக்ரஸை லாம்டாவோடு இணைத்தாலும் சிக்கல்தான். அந்த லாம்டா வேலையாளின் இழையிலேயே ஓடிவிட வாய்ப்பு உண்டு. விண்டோ வகுப்பின் மெத்தடையே கொடுங்கள்.

வேலையாளை உருவாக்கும்போது பழக்கதோஷத்தில் பேரன்ட்டாக செல்ஃபைக் கொடுக்காதீர்கள். பேரன்ட் உள்ள பொருளை வேறு இழைக்கு நகர்த்த க்யூட்டி மறுத்துவிடும்.

மாறிக்கு ஆங்கிலத்தில் த்ரெட் என்று பெயர் வைப்பதும் நல்லதல்ல. க்யூஆப்ஜெக்ட்டிலிருந்து வரும் எல்லாவற்றிலும் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு மெத்தட் இருக்கிறது, அதை மறைத்துவிடுவீர்கள். நான் "இழை" என்று வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

க்யூத்ரெட்டையே நீட்டித்து அதன் ரன்னை மாற்றி எழுதும் வழியும் உண்டு. தவறில்லை. ஆனால் அந்த க்யூத்ரெட் பொருள் வாழ்வது விண்டோவின் இழையில், அதன் ரன் ஓடுவது வேறு இழையில். தொடக்கத்தில் இது ரொம்பக் குழப்பும். வேலையாள் தனி, இழை தனி என்று வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

படி 3: ப்ராக்ரஸ் பார்

மேக்ஸிமம் மதிப்பைப் படங்களின் எண்ணிக்கையாக வைத்து, சிக்னல் வரும்போதெல்லாம் செட்வேல்யூ. அவ்வளவுதான். நொடிக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் வேலையாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சிக்னல் அனுப்பாதீர்கள். வரிசை நிரம்பி விண்டோ மறுபடி திணறும். நூறு மில்லிவினாடிக்கு ஒன்று போதும்.

புதுப்பிப்பு: "நிறுத்து" பட்டன் வேலை செய்யவில்லை

இந்தப் பதிவைப் படித்த இரண்டு பேர் இதையே கேட்டார்கள். வேலையாளில் நிறுத்து என்று ஒரு ஸ்லாட் எழுதி, பட்டனின் க்ளிக்கை அதோடு இணைத்திருக்கிறார்கள். எல்லாப் படமும் முடிந்த பிறகுதான் அது ஓடுகிறது.

காரணம் முன்னே பார்த்ததேதான், இழை மட்டும் வேறு. வேலையாளின் இழையிலும் ஒரு ஈவென்ட் லூப் உண்டு. ரன் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அந்த வரிசையும் நகராது. நிறுத்து என்ற செய்தி அங்கே காத்துக்கிடக்கும்.

விண்டோவிலிருந்து செல்ஃப்.இழையின் ரிக்வெஸ்ட்இன்டரப்ஷன் மெத்தடை நேரடியாக அழையுங்கள். ரன்னுக்குள், ஒவ்வொரு படத்தையும் எடுக்கும் முன், க்யூத்ரெட்டின் கரன்ட்த்ரெட்டிடம் இஸ்இன்டரப்ஷன்ரிக்வெஸ்டட் என்று கேளுங்கள். ஆம் என்றால் பிரேக். கையில் இருக்கும் படத்தை முழுதாக எழுதிவிட்டுத்தான் நிற்கும் என்பதால் அரைகுறைக் கோப்பு மிஞ்சாது.

விண்டோவை மூடும்போதும் இதே முறைதான். க்ளோஸ்ஈவென்ட்டில் இழை ஓடிக்கொண்டிருந்தால் ரிக்வெஸ்ட்இன்டரப்ஷன், க்விட், வெயிட் என்ற வரிசையில் அழையுங்கள். வெயிட்டை விட்டால் மறுபடி அந்த டிஸ்ட்ராய்ட் வரிதான் வரும்.

இரண்டாம் புதுப்பிப்பு: இரண்டாவது க்ளிக்கில் விழுகிறது

டெலீட்லேட்டர் (வேலை முடிந்ததும் பொருளை அழிக்கச் சொல்லும் மெத்தட்) சேர்த்தவர்களுக்கு வருவது இது. இழை முடிந்ததும் க்யூட்டி தன் பக்கத்துப் பொருளை அழித்துவிடும். ஆனால் செல்ஃப்.இழை என்ற பைத்தான் பெயர் அப்படியே இருக்கும். அடுத்த தடவை அதைத் தொட்டதும், உள்ளே இருந்த சி++ பொருள் ஏற்கெனவே அழிந்துவிட்டது என்று பிழை வரும். இழையின் ஃபினிஷ்ட் சிக்னலில் இணைத்த மெத்தடுக்குள் செல்ஃப்.இழை, செல்ஃப்.வேலையாள் இரண்டையும் நன் (None, எதுவும் இல்லை என்னும் மதிப்பு) ஆக்கிவிடுங்கள். மற்ற இடங்களில் தொடும் முன் அவை நன் மதிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாம் புதுப்பிப்பு: இழை போட்டும் விண்டோ திக்குகிறது

ஒருவர் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பைத்தான் சுற்றிலேயே கணக்கிட்டிருந்தார். பைத்தானின் ஜில் (GIL) என்னும் உள்பூட்டு ஒரு நேரத்தில் ஒரு இழையைத்தான் பைத்தான் கோடை ஓட்ட விடும். விண்டோவும் அதே பூட்டுக்குக் காத்திருக்க வேண்டும். என் செயலியில் இந்தத் திணறல் இல்லை. பில்லோவின் சுருக்கும் வேலை சி மொழியில் நடக்கிறது, அந்த நேரத்தில் அது பூட்டை விட்டுவிடும்.

அவருக்கு நான் சொன்னது: முடிந்தால் கணக்கை நம்பை (NumPy, எண்கணக்கு நூலகம்) அல்லது பில்லோவிடம் தள்ளுங்கள். முடியாவிட்டால் மல்ட்டிப்ராசஸிங் வழியாகத் தனி ப்ராசஸில் ஓட்டுங்கள். அப்படிச் செய்யும்போது விண்டோவைத் திறக்கும் வரிகள் எல்லாம், கோப்பின் கடைசியில் எழுதும் மெயின் நிபந்தனைக்குள் இருக்க வேண்டும். விண்டோஸில் புது ப்ராசஸ் உங்கள் கோப்பை மறுபடி இம்போர்ட் செய்யும். நிபந்தனைக்கு வெளியே இருக்கும் வரிகள் திரும்ப ஓடி இன்னொரு விண்டோ திறக்கும். பைஇன்ஸ்டாலரில் கட்டி இஎக்ஸ்இ ஆகத் தருவதாக இருந்தால், அந்த நிபந்தனைக்குள் முதல் வரியாக ஃப்ரீஸ்_சப்போர்ட்டை அழையுங்கள். கட்டிய இஎக்ஸ்இயை ஒரு முழுக் கல்யாணத்தின் படங்களைப் போட்டுச் சோதித்த பிறகு கொடுங்கள்.