சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின்: போதையிலிருந்து மீண்டவரும் வீட்டாரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து மகன் வெளியே வரும் நாளைத் துன்பம் தீர்ந்த நாளாகவே வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். அம்மா கோயில் நேர்த்திக்கடனைச் செலுத்துகிறார். மகனுக்குப் பிடித்த குழம்பை வைத்துப் பரிமாறி, "இனிமே அந்தப் பக்கமே போகக்கூடாதுய்யா" என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறார். அந்த அன்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால், உள்ளே இருந்த மாதங்களில் போதைப்பொருள் மகனின் கைக்கு எட்டவில்லை. எட்டும் தூரத்தில் இருக்கும்போதும் அதை வேண்டாமென்று மறுக்கும் பழக்கம் வெளியே வந்தபிறகுதான் தொடங்குகிறது. போதைப் பழக்கத்தை, மீண்டும் தலைதூக்கக்கூடிய, ஆண்டுக்கணக்கில் கவனிக்கவேண்டிய நோயாகவே மருத்துவம் கருதுகிறது. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, விடுவிக்கப்பட்டவரைக் கண்காணிக்கும் காலம் 5 ஆண்டுவரை நீடிக்கலாம்.

மன உறுதி ஒன்றே போதும் என்று நம்புவதுதான் பல தவறுகளுக்கு வேர். மூளை பழைய இன்பத்தை இடத்தோடும் ஆளோடும் நேரத்தோடும் பிணைத்து நினைவில் வைத்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். துவாஸ் கிடங்கில் வேலை முடிகிறது. சம்பளம் வங்கியில் ஏறிவிட்டதாகக் கைப்பேசி சொல்கிறது. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மேற்பார்வையாளர் ஏசியது மனத்தில் உறுத்துகிறது. அந்த நேரம் பார்த்து, "மச்சான், எப்ப வெளிய வந்தே? சொல்லவே இல்ல" என்று பழைய கூட்டாளியின் குறுஞ்செய்தி வருகிறது. இங்கே பசி, கோபம், களைப்பு, தனிமை, கைநிறையப் பணம் ஆகிய அனைத்தும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இத்தனையையும் மன உறுதியால் மட்டும் எதிர்த்து நில் என்று ஒருவரிடம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த மாலை வருவதற்கு முன்பே செய்யவேண்டியவை சில உண்டு: கைப்பேசி எண்ணை மாற்றுவது, சம்பளத்தின் பெரும்பகுதி தானாகவே வீட்டுச் செலவுக்கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்வது, வேலை முடிந்ததும் எங்கே போவது, யாரோடு சாப்பிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துகொள்வது. ஏக்கம் எவ்வளவு கடுமையாக எழுந்தாலும் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணியத் தொடங்கிவிடும். அந்த நேரத்தைத் தனியே கழிக்காமல் இருப்பதே முக்கியம்.

"நான் மாறிவிட்டேன், அவர்களோடு உட்கார்ந்தாலும் தொடமாட்டேன்" என்று நிரூபித்துக்காட்டப் பழைய காப்பிக்கடைக்கே போய் அமர்வது இதே தவற்றின் இன்னொரு வடிவம். அப்படி நிரூபிக்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. பழைய கூட்டம் தன் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே கூடுகிறது, வீடு மாறவும் வழியில்லை என்பவர்கள், நிலையத்திலிருந்து வெளியே வந்தவர்கள் இடைக்காலமாகத் தங்கும் மறுவாழ்வு இல்லத்தில் சில மாதங்கள் இருக்க முடியுமா என்று தங்கள் கண்காணிப்பு அதிகாரியிடம் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்தது, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது. "ஹெராயினைத்தானே விட்டேன், பீர் குடித்தால் என்ன?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. மது விழிப்பைத் தளர்த்திவிடும். இரண்டாவது குவளைக்குப் பிறகு எடுக்கும் முடிவு காலையில் எடுத்த முடிவாக இருக்காது. நண்பர் நீட்டும் மின்சிகரெட்டும் ஆபத்தானதே. அதில் சில வேளை கலக்கப்படும் எட்டோமிடேட் எனும் மயக்க மருந்து, 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரில் 'சி' பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. தாய்லாந்துக்குப் போய்க் கஞ்சா புகைத்தால் இங்கே யார் கேட்பார்கள் என்று நினைப்பதும் தவறு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்குள்ள சட்டப்படி அது குற்றம். தூக்கம் வரவில்லை என்று அடுத்தவருடைய தூக்க மாத்திரையை வாங்கி விழுங்குவது வேண்டவே வேண்டாம். தூக்கக் குறைவு பலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். அதற்கு மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும்.

வீட்டார் செய்யும் தவறுகள் பெரும்பாலும் பயத்தில் பிறக்கின்றன. மகன் குளியலறைக்குள் போனதும் அவன் சட்டைப்பையைத் துழாவும் தாய், பத்து நிமிடம் தாமதித்தால் பத்து முறை அழைக்கும் தந்தை, தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் "இவனாலதான் நாங்க தலைகுனிஞ்சோம்" என்று சொல்லிவிடும் அண்ணன் ஆகியோரின் வேதனை புரிகிறது. ஆயினும் நம்பிக்கை கிடைக்காத வீட்டில் உண்மையைச் சொல்லவும் வாய் வராது. இதற்கு நேர்மாறாக, கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்து, கடனையெல்லாம் அடைத்து, வேலைக்கு வராததற்குப் பொய்க்காரணம் சொல்லிக் காப்பாற்றும் வீடுகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, எதற்கு உதவுவோம், எதற்கு உதவமாட்டோம் என்பதை அமைதியான ஒரு நாளில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும்.

நம் குடும்பங்களில் விடாப்பிடியாகத் தொடரும் ஒரு நம்பிக்கையைச் சொல்லியாகவேண்டும்: "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்." சரியாகாது. நடந்ததை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பது அவளுக்குச் செய்யும் துரோகம். புதிய குடும்பப் பொறுப்பும் கடனும் மறைத்துவைத்த இரகசியமும் சேர்ந்து அவனையும் அழுத்தும்.

நான்கைந்து மாதம் நன்றாகப் போனதும் ஆலோசனைச் சந்திப்புகளை நிறுத்திவிடுவது மிகப் பொதுவான தவறு. உடல் தேறிவிடும், மன அழுத்தத்தைத் தாங்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் வந்துவிடாது. 1972இல் தொடங்கப்பட்ட சானா எனும் சிங்கப்பூர்ப் போதைப்பொருள் ஒழிப்புச் சங்கமும், மனநலக் கழகத்தில் இயங்கும் தேசிய போதைப் பழக்க நிர்வாகச் சேவையும் நீண்டகால ஆதரவுக்காகவே இருக்கின்றன. வேலை தேட மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பு உதவுகிறது.

கடைசியாக, சறுக்கலைப் பற்றி. ஒரு முறை உட்கொண்டுவிட்டவர், "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று தொடர்வதும், பயந்து கண்காணிப்புக் காலத்தின் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகாமல் ஒளிவதும் ஒரு சறுக்கலைப் பெரும் வீழ்ச்சியாக்கிவிடும். பரிசோதனைக்கு வராமலிருப்பதே தனிக்குற்றம். சட்டப்படி விளைவு இருக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அன்றைக்கே அதிகாரியிடமோ ஆலோசகரிடமோ சொல்லிவிடுவது, பிறகு பிடிபடுவதைவிட மேல். உயிரையே பறிக்கக்கூடிய இன்னோர் ஆபத்தும் உண்டு. பல மாதம் விலகியிருந்த உடலுக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு ஹெராயின் இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். வீட்டில் ஒருவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து கிடந்தால், போலீஸ் வருமோ என்று யோசிக்காமல் உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்து, என்ன உட்கொண்டார் என்பதை மருத்துவ உதவியாளரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.